கிளிப் போட்ட பல்லும் சீவாளியும்

கே: மகளுக்கு 13 வயது, நாகஸ்வரம் கற்கிறாள். போன வாரம் பல்லுக்குக் கிளிப் போட்டோம். ஊதினால் உதட்டின் உள்ளே புண்ணாகிறது. என்ன வாங்கலாம்? (கும்பகோணம்)

ப: மெழுகு. சீவாளியை, அதாவது நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டை, உதடுதான் கவ்வும்; அந்த இறுக்கத்தில் உதடு பின்னால் போய்க் கம்பியில் உரசுகிறது. கடையில் 'ஆர்த்தோடான்டிக் வேக்ஸ்' என்றே கேளுங்கள். என் பையனுக்காக நான் ஆன்லைனில் 'டென்டல் வேக்ஸ்' என்று மட்டும் தேடி வாங்கினேன். ரோஸ் நிறத்தில் தகடு தகடாக வந்தது. பல்செட் கட்டுகிறவர்களுக்கானதாம். இன்னும் பீரோவில் கிடக்கிறது. பட்டாணி அளவு மெழுகைக் கிள்ளி உருட்டி, கம்பியை ஈரம் போகத் துடைத்துவிட்டு அழுத்துங்கள். ஈரத்தில் ஒட்டாது. உறுத்தல் பெரும்பாலும் சில வாரங்களில் பழகிவிடும். அதுவரை சாதகம் கொஞ்ச நேரம் போதும். திருவாவடுதுறைப் பக்கம் சீவாளி செய்கிறவரிடம் விஷயத்தைச் சொல்லி, மெல்லிசாக ஒன்று கேளுங்கள்.

கே: கிளிப் உறுத்தாமல் இருக்க மேலே மாட்டும் சிலிக்கான் உறையை ஆன்லைனில் வாங்கினேன். பல்லுக்குப் பெரிதாக இருந்தது. கத்தரித்துப் பார்த்தேன், சரிவரவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? (திருவாரூர்)

ப: கத்தரிக்கும் முன் கேட்டிருக்கலாம்.

கே: பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறேன். பீங்கான் கிளிப் உறுத்தாது என்று 15,000 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். உறுத்துகிறது. பில்லும் இல்லை, துண்டுச் சீட்டுதான். (மயிலாடுதுறை)

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். பீங்கான் கிளிப் பல் நிறத்தில் இருக்கும், அவ்வளவுதான். பல சமயம் உலோகத்தைவிடத் தடிமன். டிரம்பெட்டோ உதட்டின்மேல் நேரே அழுத்தும் வாத்தியம். இந்தத் துண்டுச் சீட்டைப் பற்றி எத்தனை தடவை எழுதுவது! ஒரு மூட்டை யூரியாவுக்கு பில் கேட்கிற நாம், ஆயிரக்கணக்கில் பல்லுக்குக் கொடுத்துவிட்டுச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வருகிறோம். காசு வாங்கிச் செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லியாயிற்று. சீட்டு, வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய விவரம் எதையும் அழிக்காதீர்கள். முதலில் எழுத்தில் பில் கேளுங்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

கே: நாகஸ்வரம் தொழில். கிளிப்புக்குப் பதில், கழற்றி மாட்டும் அலைனர் (பல்லை நேராக்கும் பிளாஸ்டிக் உறை) வாங்கலாமா? (திருவையாறு)

ப: வாங்கலாம். ஆனால் ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் பல்லில் இருக்க வேண்டும். மாப்பிள்ளை அழைப்பும் மறுநாள் முகூர்த்தமும் வாசித்தால் எத்தனை மணி நேரம் வெளியே இருக்கும் என்று கணக்குப் போட்டு, அதை டாக்டரிடம் சொல்லிவிட்டு முன்பணம் கட்டுங்கள். கழற்றியதை டப்பாவில் வையுங்கள், வெற்றிலைத் தட்டில் வேண்டாம்.