வடகத்தில் கரி, தாளில் 90 சதவீதம்

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் புழுங்கலரிசி ஆலை, உமி எரிக்கிற பாய்லர். வளவில் வடகம் காயப்போட்டால் சாயங்காலத்துக்குள் கரி படிந்துவிடுகிறது. கேட்டால், "சைக்ளோன் வைத்திருக்கிறோம், கம்ப்யூட்டர் கணக்குப்படி 90 சதவீதம் தூசு பிடிபடுகிறது" என்று ஒரு தாளைக் காட்டுகிறார்கள். நம்பலாமா?
— ஓர் ஆச்சி, புதுவயல்

பதில்: கணக்கு சரியாகவே இருக்கலாம், ஆச்சி. ஆனால் அதே கணக்கை வைத்துத்தான் ஆலையில் கோளாறு இருக்கிறது என்கிறேன்.

சைக்ளோன் என்பது புகையைச் சுழலவிட்டுத் தூசைப் பிரிக்கிற கருவி. அதற்குள் புகை சுழலும்போது பெரிய துகள் சுவரில் மோதிக் கீழே இறங்கும், பொடி புகையோடு மேலே போய்விடும். லேப்பிள் சூத்திரம் என்று ஒன்று உண்டு. எந்த அளவுத் துகளில் சரிபாதி பிடிபடும் என்பதை அது முதலில் சொல்லும். அது 8 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அப்படியானால் 80 மைக்ரான் துகளில் 99 சதவீதம் பிடிபடும். 2 மைக்ரான் துகளில் பிடிபடுவது 6 சதவீதம்தான்!

தாளில் உள்ள 90 பெரும்பாலும் எடைக் கணக்காக இருக்கும். ஒரு 80 மைக்ரான் துகளின் எடைக்கு 2 மைக்ரான் துகள்கள் 64,000 வேண்டும். பெரியது பிடிபட்டாலே சதவீதம் ஏறிவிடும். நுரையீரலின் அடிவரை போகிற பொடி அந்த எண்ணில் தெரியவே தெரியாது. எனக்குக் கவலை அதில்தான்.

சரி, வடகத்துக்கு வருவோம். கண்ணுக்குத் தெரிகிற கரி பெரிய துகள். கணக்குப்படி அது ஆலையைத் தாண்டவே கூடாது. தாண்டுகிறது என்றால் முதலில் சைக்ளோனின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் இறங்கும் வாயில், காற்றை விடாமல் சாம்பலை மட்டும் இறக்குகிற ரோட்டரி வால்வு சுற்றும். உமிச் சாம்பலில் பெரும்பகுதி மணலில் இருக்கிற அதே சிலிக்கா, இரும்பையே தேய்த்துவிடும். தேய்ந்த இடுக்கில் சாக்கைத் திணித்து வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே ஏறி, பிடிபட்ட சாம்பலைத் திரும்ப வாரிக்கொண்டு போகும். கணக்கோ அடிவாய் இறுக மூடியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போட்டது. பாய்லர் ஓடும்போது இடுக்கருகே ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால் போதும், உள்ளே இழுத்தால் ஓட்டைதான். துகள் கறுப்பாக இருப்பதால் உமியும் முழுசாக எரியவில்லை, அடுப்புக் காற்றையும் சரிபார்க்க வேண்டும்.

அப்புறம் எந்த அளவுத் துகளில் எத்தனை சதவீதம் பிடிபடுகிறது என்ற பட்டியலைக் கேளுங்கள். பாய்லர் முழு வேகத்தில் ஓடும்போது புகைபோக்கியில் நேரடியாக எடுத்த அளவீட்டையும் கேளுங்கள். பொடிக்கு சைக்ளோன் போதாது, பின்னால் புகையைத் துணிப் பைகள் வழியாக வடிக்கிற பை வடிகட்டி வேண்டும்.

ஆலைக்காரர்கள் அசையாவிட்டால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு மனுப் போடுங்கள். கரி விழுந்த தேதி, நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, மூன்றையும் எழுதுங்கள். வீட்டில் யாருக்காவது இருமலோ இளைப்போ இருந்தால் அதையும் விடாமல் சேருங்கள்.