"வயசானா அப்படித்தான்" என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள்

அக்கா, 46 வயதில் மாதவிடாய் தாறுமாறாக வருவது, ராத்திரி வியர்த்து நனைவது, தூக்கமின்மை என்று எழுதியிருக்கிறீர்கள். தக்கலையில் டாக்டர் "வயசானா அப்படித்தான்" என்றாராம். பாதி சரி. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கும். ஆனால் இதற்குச் சிகிச்சை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டதுதான் தப்பு.

தைராய்டும் இப்படியெல்லாம் படுத்தும், டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். 45 வயதுக்கு மேல் மாதவிடாய் நிற்கப்போகிறதா என்று பார்க்கும் பெண் ஹார்மோன் டெஸ்ட் பெரும்பாலும் வேண்டாம், வீண் செலவு. உதிரப்போக்கு தேதிகளையும் தூங்காத இரவுகளையும் காலண்டரில் குறித்து, ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் மகளிர் ஓ.பி.யில் காட்டுங்கள். "வேலை செய்ய முடியவில்லை, என்ன சிகிச்சை இருக்கிறது?" என்று நேராகவே கேளுங்கள். மணிக்கொரு நாப்கின் நனைந்தால் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள்.