குழந்தை அறைக்குச் செடி: வாசகர் கேள்விகள்

மலையில் குளிர் தொடங்கிவிட்டது. கதவு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு இருக்கும் மாதங்கள் இவை. 'குழந்தை இருக்கும் அறையில் காற்று சுத்தமாக இருக்க என்ன செடி வைக்கலாம்?' என்று கேட்டு இந்த முறை நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் நிறையக் கடிதங்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குழந்தைக்கு என்று ஓர் அறையை ஒதுக்கியிருக்கிறோம். நர்சரியில் கேட்டதற்கு மணி பிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட், பீஸ் லில்லி, அரிக்கா பாம் நான்கும் காற்றைச் சுத்தம் செய்யும், 'நாசாவே சொல்லியிருக்கிறது' என்கிறார்கள். நான்கையும் வாங்கலாமா?
– வாசகி, அரவேணு

நாசா சொன்னது உண்மை. ஆனால் எந்த நிலையில் சொன்னது என்பதை யாரும் சொல்வதில்லை. 1989இல் வெளிவந்த அந்த ஆய்வில், காற்றுப் புகாமல் அடைத்த சின்னப் பெட்டிக்குள் செடியை வைத்து, ஒரு ரசாயனத்தைச் செலுத்தி, அது எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். வீடு அப்படி அடைத்த பெட்டி இல்லை. கதவிடுக்கு, ஜன்னல், ஓட்டு இடைவெளி என்று காற்று எப்போதும் வந்து போய்க்கொண்டே இருக்கும். இதுபோன்ற பல ஆய்வுகளை 2019இல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றுசேர்த்துக் கணக்குப் போட்டார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடி வரை தேவை என்று வந்தது. பத்துக்குப் பத்து அடி அறை ஏறக்குறைய 9.3 சதுர மீட்டர். ஆகக் குறைந்த கணக்கில்கூட 90 தொட்டிக்கு மேல் வேண்டும். அப்புறம் தொட்டில் போட இடம் ஏது?

அதனால் காற்றுக்காகச் செடி வாங்காதீர்கள். பச்சையாக ஏதாவது கண்ணுக்கு எதிரில் இருந்தால் பிள்ளை பெற்றவளுக்கு மனதுக்கு இதமாக இருக்கும், குழந்தையும் நான்கைந்து மாதத்தில் இலை ஆடுவதைப் பார்த்துக் கையை நீட்டும். அந்த ஆசைக்கு வாங்குங்கள். அப்படி வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வாய்க்குப் போனால் என்ன ஆகும்?

நீங்கள் எழுதிய நான்கில் மூன்று இந்தச் சோதனையில் தேறாது. மணி பிளாண்டிலும் பீஸ் லில்லியிலும் கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி போன்ற படிகங்கள் உண்டு. கடித்தால் நாக்கிலும் உதட்டிலும் குத்தி எரியும், வீங்கும். டிஃபன்பாக்கியா, சிங்கோனியம், ஃபிலோடெண்ட்ரான், ஆந்தூரியம், இசட் இசட் பிளாண்ட் எல்லாம் இதே கதைதான். ஸ்நேக் பிளாண்டில் இருப்பது சப்போனின். வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அரிக்கா பாமில் விஷமில்லை. ஆனால் அது வெப்பப் பிரதேசத்துச் செடி. 10 டிகிரிக்குக் கீழே போகும் இரவுகளில் இலை பழுத்து, நுனி கருகி, வளர்ச்சி நின்றுவிடும். கூடலூர், பர்லியார் பக்கம் நன்றாக வரும். உங்கள் ஊர் டிசம்பருக்குத் தாங்காது. அதற்குப் பதில் பார்லர் பாம் கேளுங்கள்: சிறியது, குறைந்த வெளிச்சம் போதும், குளிரையும் ஓரளவு பொறுக்கும். கேட்கும்போது ஓர் எச்சரிக்கை. 'பாம்' என்று சொல்லி சைகஸ் செடியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பார்க்கப் பனை மாதிரியே இருக்கும். அதன் எல்லாப் பாகமும், முக்கியமாக விதை, கல்லீரலைக் கெடுக்கும் விஷம். அதைத் தோட்டத்தில்கூட வைக்க வேண்டாம்.

எங்கள் முதல் தேர்வு ஸ்பைடர் பிளாண்ட். விஷமில்லை, மலைக் குளிரில் வீட்டுக்குள் சௌகரியமாக இருக்கும், வாங்கவே வேண்டாம். தெருவில் யார் வீட்டுத் திண்ணையிலாவது தொங்கிக்கொண்டிருக்கும். கொடியின் நுனியில் இருக்கும் குட்டிச் செடியின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளையாகச் சின்னச் சின்ன முடிச்சு போல வேர் முளைவிட்டிருந்தால் அதைக் கிள்ளி ஆறு அங்குலத் தொட்டியில் நட்டுவிடலாம். கலவை: செம்மண் இரண்டு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு அரைப் பங்கு. சமவெளியில் நார்க்கழிவைத் தாராளமாகப் போடுவார்கள். இங்கே காற்றிலேயே ஈரம் இருப்பதால் அது காயாமல் வேரை அழுகவைக்கும். பச்சைச் சாணம் எதையும் கலக்காதீர்கள்.

பாஸ்டன் ஃபெர்ன், பெப்பெரோமியா, ஆஃப்ரிக்கன் வயலட், கிறிஸ்மஸ் காக்டஸ், ஆஸ்பிடிஸ்ட்ரா ஆகியவையும் பயமில்லாதவை. 'ஃபெர்ன்' என்று விற்கும் ஆஸ்பராகஸ் ஃபெர்ன் மட்டும் பெரணி இனமே அல்ல; சிவப்புக் காய் காய்க்கும், அதைத் தின்றால் வயிற்றைப் புரட்டும், தண்டில் முள்ளும் உண்டு. சோலைக்காட்டிலிருந்து பெரணியைப் பிடுங்கி வருவதும் வேண்டாம். சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம், எந்தப் பெரணி என்று நமக்குத் தெரியாது என்பது மறுபுறம்.

ஓர் அறைக்கு இரண்டு தொட்டி போதும். நர்சரியிலிருந்து வந்த செடியை மூன்று வாரம் வெளித் திண்ணையில் வையுங்கள். பூச்சிமருந்துக் குருணையும் உரக்குருணையும் அந்த மண்ணில் கலந்திருக்கும். மண்ணை உதறிவிட்டு உங்கள் கலவையில் மாற்றி நடுங்கள், இலைகளைக் கழுவுங்கள். தொட்டியின் மேல் அலங்காரக் கூழாங்கல் போடாதீர்கள், தொண்டையில் அடைக்கும். வட்டமாக வெட்டிய தேங்காய்நார்ப் பாயைப் போட்டால் மண்ணை அள்ள முடியாது. தொங்கவிடுவதானால், நீர் ஊற்றிய எட்டு அங்குலத் தொட்டி நான்கைந்து கிலோ இருக்கும் என்பதை மனதில் வையுங்கள். ஆணி தாங்காது, துளை போட்டு போல்ட் முடுக்க வேண்டும். எதுவானாலும் தொட்டிலுக்கு நேர் மேலே கூடாது. கீழே தொங்கும் கொடிகளை அவ்வப்போது நறுக்கிவிடுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எதிர்ப்புசக்திக் குறைவு என்று மருத்துவர் சொன்ன குழந்தை என்றால் அறைக்குள் தொட்டியே வேண்டாம்; ஈரமண்ணில் பூஞ்சை வித்துகள் இருக்கும்.

இன்னொன்று. அறைக்குப் பெயின்ட் அடிப்பதும் புது பிளைவுட் அலமாரி செய்வதும் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே முடியட்டும். முடிந்தபின் பகலெல்லாம் ஜன்னலைத் திறந்து போடுங்கள். அந்த நெடிக்கு எந்தச் செடியும் ஈடுகொடுக்காது.

தவழும் வயது, ஒன்பது மாதம். பாட்டிலில் வைத்திருந்த மணி பிளாண்ட் இலையைக் கடித்துவிட்டான். உடனே அழுதான், எச்சில் ஒழுகியது, ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. இனி இப்படி நடந்தால் என்ன செய்வது?
– வாசகர், கொடைக்கானல்

கடித்த உடனே எரிவதால் குழந்தைகள் பெரும்பாலும் விழுங்குவதில்லை, துப்பிவிடும். உங்கள் பையனும் அப்படித்தான் தப்பித்திருக்கிறான். முதலில் விரலில் ஈரத்துணியைச் சுற்றி வாய்க்குள் இருக்கும் துணுக்குகளை எடுங்கள். பிறகு குளிர்ந்த தண்ணீரோ பாலோ வாய் வாயாகக் கொடுங்கள். இந்த வயதில் ஒரு கரண்டி தயிர் கொடுத்தாலும் எரிச்சல் தணியும். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும். உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. எரித்தது மறுபடி தொண்டை வழியாக வரும், மூச்சுக்குழலுக்குள்ளும் போகலாம். செடியின் பால் கண்ணில் பட்டால் 15 நிமிடம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

அழுகுரல் கம்மினால், எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகிக்கொண்டே இருந்தால், நாக்கோ தொண்டையோ வீங்கினால், மூச்சு இரைந்தால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். கடித்த செடியில் ஒரு கிளையை இலையோடு கையில் எடுத்துப் போங்கள். 'ஏதோ இலை' என்று சொன்னால் மருத்துவர் என்ன செய்வார்? பாட்டில் மணி பிளாண்டை இன்றே அப்புறப்படுத்துங்கள். கண்ணாடி, தண்ணீர், இலை மூன்றுமே அவனுக்கு ஆபத்து.

இரவில் செடி கரியமில வாயு விடும், குழந்தை அறையில் வைக்கக்கூடாது என்கிறார் மாமியார். எங்கள் அறையில் குளிருக்குக் கரிச்சட்டியும் வைப்போம். அந்தப் புகையையாவது செடி இழுத்துக்கொள்ளுமா?
– வாசகி, உதகமண்டலம்

முதல் கேள்வியில் பயம் வேண்டாம். தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் கரியமில வாயு விடுகிறார். ஒரு தொட்டிச் செடி விடுவது அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது.

இரண்டாவது கேள்விதான் எங்களைப் பதறவைத்தது. கரிச்சட்டியை இன்று இரவே அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். கணகணவென்று புகையில்லாமல் எரியும் கங்குதான் மிக ஆபத்தானது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தலைவலியும் மயக்கமும் தூக்கக் கலக்கம் போலத் தோன்றும். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அதுவும் தெரியாது. குழந்தை வேகமாக மூச்சு விடுவதால் பெரியவர்களுக்கு முன்பே பாதிக்கப்படும். எந்தச் செடியாலும் இதைத் தடுக்க முடியாது. மலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பூட்டிய அறைக்குள் கரி மூட்டிவிட்டு உறங்கி, காலையில் எழுந்திருக்காமல் போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

புகைபோக்கி உள்ள கணப்பு என்றால், அதில் பறவைக்கூடோ கரியோ அடைத்திருக்கிறதா என்று குளிர்காலத்துக்கு முன்பே பார்த்து, படுக்கப் போகும்போது முழுக்க அணைத்துவிட வேண்டும். இரவுக்கு, எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் திரையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கலாம். படுக்கையை வெந்நீர்ப் பையால் சூடாக்கலாம். ஆனால் குழந்தையைக் கிடத்தும் முன் பையை எடுத்துவிடுங்கள். காலை பத்து மணி வெயிலிலும் பிற்பகலிலும் குழந்தையை வேறு அறைக்கு மாற்றிவிட்டுப் பத்துப் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் அறைக் காற்று மாறிவிடும், சுவரின் சூடு போகாது.

சுவரெல்லாம் ஓதம், கறுப்புப் பூஞ்சணம். பெரணி வைத்தால் ஈரத்தை உறிஞ்சுமாமே?
– வாசகர், குன்னூர்

நேர் எதிர். செடிக்கு நாம் ஊற்றும் தண்ணீரில் 97 சதவீதத்துக்கு மேல் இலை வழியாக ஆவியாக வெளியேறுகிறது. வாரம் ஒரு லிட்டர் ஊற்றினால் ஏறக்குறைய ஒரு லிட்டரும் உங்கள் அறைக் காற்றில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூரில் அறைக்கு ஒரு தொட்டியே அதிகம். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பத மானி கிடைக்கிறது. 60க்கு மேல் நாள் முழுக்கக் காட்டினால் தொட்டிகளைத் திண்ணைக்கு மாற்றுங்கள். குழந்தைத் துணிகளை அறைக்குள் கொடி கட்டி உலர்த்துவதையும் நிறுத்துங்கள். செடியைவிடப் பெரிய குற்றவாளி அதுதான்.

ஓதம் எங்கிருந்து வருகிறது என்று வெளியே போய்ப் பாருங்கள். சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவரோடு மண் ஒட்டிக் கிடக்கும். மழைநீர் நேராகச் சுவருக்குள் இறங்கும். மண்ணை வெட்டி விலக்கி, சுவரின் அடிமட்டத்துக்குக் கீழே வடிகால் எடுக்காமல் எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழையில் உப்பிக்கொண்டு வரும். இருக்கிற பூஞ்சணத்தை, நான்கு லிட்டர் தண்ணீரில் 250 மில்லி பிளீச் கலந்து துடைக்கலாம். அப்போது குழந்தை வீட்டிலேயே இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கழிவறை கழுவும் ஆசிட்டை அதோடு சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். தொட்டிலையும் அலமாரியையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

வீட்டுக்குள் சரி. முற்றத்தில் என்னென்ன எடுக்க வேண்டும்?
– வாசகி, லவ்டேல்

நம் மலைத் தோட்டங்களில் அழகான விஷங்கள் நிறைய. தலைகீழாகத் தொங்கும் பெரிய ஊதுகுழல் பூச்செடி ஊமத்தைக்கு உறவு. பூவோ விதையோ வாய்க்குப் போனால் மயக்கமும் பிதற்றலும் வரும். அதுவும் இதயத்துடிப்பைக் குலைக்கும் ஃபாக்ஸ்குளோவும் அரளியும் நடக்கத் தொடங்கும் குழந்தை உள்ள வீட்டில் இருக்கவே கூடாது. ஹைட்ரேஞ்சியா, அசேலியா, ஐவி, ஓடையோரம் வெள்ளையாகப் பூக்கும் ஆரம் லில்லி ஆகியவற்றுக்கு வேலி போட்டால் போதும். பிரிமுலாவைத் தொட்டால் சிலருக்குத் தோல் தடிக்கும். ஃப்யூஷியாவும் ரோஜாவும் தாராளமாக இருக்கட்டும், ரோஜா முள் மட்டும் கைக்கெட்டாமல்.

தொட்டியைச் சுற்றிக் கொசு போலப் பொடிப்பூச்சி. வேப்பெண்ணெய் தெளிக்கலாமா?
– வாசகர், கூடலூர்

குழந்தை அறையில் வேண்டாம். வேப்பெண்ணெய் கைக்குழந்தையின் வாய்க்குப் போய் வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்தது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. வீட்டில் வைத்திருந்தால் பூட்டி வையுங்கள். அந்தப் பூச்சி எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணில் முட்டையிடுகிறது. விரலை ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். அங்கே காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். உங்கள் ஊர் ஆடி மழையில் அது பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறையாகக்கூட இருக்கலாம். மேலே ஒரு சென்டிமீட்டர் உலர்ந்த மணல் பரப்புங்கள். புழு வளர்ந்து பறந்து முடிய மூன்று நான்கு வாரம் ஆகும், அதுவரை தொட்டி திண்ணையில் இருக்கட்டும். அடித்தட்டில் தேங்கும் நீரை அன்றன்றைக்கே கொட்டிவிடுங்கள். அதில் டெங்கு கொசு வளரும்.

அறைக் காற்று சுத்தமாக நீலகிரித் தைலத்தை வெந்நீரில் விட்டு ஆவி பிடிக்கவைக்கலாமா? சாம்பிராணி?
– வாசகி, குந்தா

இரண்டு வயதுக்குள் இரண்டும் வேண்டாம். தைலம் சில மில்லி உள்ளே போனாலே வலிப்பு வரும், நினைவு தப்பும். மூக்கருகில் தடவினாலும் சிசுவுக்கு மூச்சு முட்டும். கற்பூரமும் அப்படியே. வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்து வேறு. குளித்த குழந்தையின் தலையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவது நம் வழக்கம்தான், ஆனால் மூடிய அறையில் அது வெறும் புகை. மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து, காற்று படாத இடத்தில் வெயிலில் ஐந்து நிமிடம் மடியில் வைத்திருந்தாலே தலை காய்ந்துவிடும். மூக்கடைப்புக்குக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து, பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு. அதற்கும் அடைப்பு விடாமல், குழந்தை பால் குடிக்கத் திணறினால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.