வாய்க்கூடு போட்ட நாய்னா கடிக்கிற நாயா? மெல்பர்னுக்குப் புதுசா வந்த தம்பிக்கு

தம்பி, ஹட்டன்லருந்து வந்து மூணு வாரந்தான் ஆகுது, பக்கத்து வீட்டு அம்மா ஆபரேசனுக்குப் போறாங்க, ஒரு வாரம் அவங்க நாயக் காலையில நடக்கக் கூட்டிட்டுப் போவீங்களான்னு கேக்குறாங்க, வாயில கூடு போட்ட ஒல்லி கிரேஹவுண்ட், பயமா இருக்கு எப்படி முடியாதுன்னு சொல்றதுன்னு கேட்டிருந்தீங்க. முடியாதுன்னு சொல்லிராதீங்க தம்பி.

அந்தப் பயம் எனக்கும் இருந்துச்சு. தோட்டத்துல நமக்குத் தெரிஞ்சது லயத்து வாசல்ல சுருண்டு படுத்து நம்ம ரொட்டியில பங்கு கேக்குற நாயும், தொரை பங்களா கேட்டுக்குள்ள நின்னு குரைக்கிற நாயுந்தான். அதுக்கு மேல வெறிநாய்ப் பயம், எங்க அப்பாவுக்குச் சின்ன வயசுல தொப்புளச் சுத்தி ஊசி போட்ட கதையக் கேட்டே வளந்தவன் நான். 2016ல இங்க வந்தப்போ வாய்க்கூடு போட்ட நாய் எதிர்ல வந்தா, இது யாரையோ கடிச்சிருக்குன்னு நெனச்சு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருவேன்.

உண்மை என்னன்னா, அப்போ மெல்பர்ன் இருக்குற இந்த விக்டோரியா மாநிலத்துல கிரேஹவுண்ட் கடிச்சிருக்கோ இல்லையோ வெளிய வந்தா வாய்க்கூடு போடணும்னு சட்டம், தத்துக் குடுக்குற திட்டத்துல சோதிச்சுப் பாஸாக்குன நாய்க்கு மட்டுந்தான் விலக்கு. 2019 ஜனவரி 1லருந்து வளக்குற கிரேஹவுண்டுக்கு அது கட்டாயமில்ல, கயிறு மட்டும் இன்னமும் கட்டாயம். அப்போ அந்த அம்மா ஏன் போடுறாங்கன்னா அனேகமா பூனைக்கும் குட்டி நாய்களுக்கும் பயந்துதான் இருக்கும். பந்தயத்துக்கு வளத்த ஜாதி, கண்ணுக்கு முன்னால சின்னதா எது ஓடுனாலும் தொரத்தும், மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகம். வெள்ளக்காரன் சாமுவேல் பேக்கர் 1840கள்ல நுவரெலியாவுக்கு வந்து மரை வேட்டையாடுன நாய்க் கூட்டத்துலயும் கிரேஹவுண்ட் இருந்துச்சு, ஓட்டத்துக்காகத்தான். மனுசன் மேல அதுக்குக் கோவம் கெடையாது.

இப்போ எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, பந்தயத்துலருந்து வந்தது, காதுக்குள்ள இன்னும் பச்ச குத்துன அடையாளம் இருக்கு. வந்த அன்னைக்குப் படி ஏறத் தெரியாம கீழயே நின்னு நடுங்குச்சு, அதப் பாத்த அன்னைக்குத்தான் என் பயம் போச்சு. நாள் முழுக்கத் தூங்கும். உடம்புல கொழுப்பு ரொம்பக் கம்மி, தோலும் ரொம்ப மெல்லிசு, அதனால குளிருக்குக் கோட்டு போடாம வெளிய கூட்டிட்டுப் போகக் கூடாது. ஒண்ணு மட்டும் கவனம், தூங்கும்போது தொடாதீங்க, கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறதும் உண்டு, திடுக்கிட்டு எந்திரிச்சா பல்லு படலாம், பேரச் சொல்லிக் கூப்பிட்டு முழிக்க வச்சுட்டு அப்புறம் தொடுங்க.

வாய்க்கூட்டப் பத்தியும் சொல்லிர்றேன். கூடை மாதிரி இருக்குறதுதான் சரி, அதப் போட்டுக்கிட்டே வாயத் தொறந்து மூச்சு வாங்கலாம், தண்ணி குடிக்கலாம். வாய இறுக்கிக் கட்டுற துணி வகையப் போட்டு நடக்கக் கூட்டிட்டுப் போகவே கூடாது, நாய்க்கு வேர்த்துச் சூடு எறங்காது, வாயத் தொறந்து மூச்சு வாங்கித்தான் ஒடம்பக் குளிர வைக்கும், வெயில் நாள்ல உயிருக்கே ஆபத்தாயிரும்.

அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ அவங்க கூடவே நடந்து பாருங்க. கழுத்துப் பட்டிய அவங்களையே மாட்டச் சொல்லிப் பாத்துக்குங்க, தலை சின்னது, கழுத்து தடிப்பு, சாதாரணப் பட்டின்னா பின்னால இழுத்து நழுவிரும், அகலப் பட்டிதான் வேணும். கயித்த ரெண்டு கையாலயும் புடிங்க, வெரல்ல சுத்திக்காதீங்க. தூரத்துல பூனையப் பாத்தா நின்னு பேசிக்கிட்டு இருக்காம அப்படியே திரும்பி வேற ரோட்டுல கூட்டிட்டுப் போயிருங்க.