அப்பாவின் வில்லுப்பாட்டு கேசட்டுகள்

கேள்வி: அப்பா சேர்த்து வைத்த வில்லுப்பாட்டு கேசட்டுகள் முப்பது இருக்கின்றன. எல்லாம் 1988இல் வெளிவந்தவை. எம்பி3 ஆக்கி என் இணையதளத்தில் இலவசமாகப் போடலாமா? காசு வாங்கப் போவதில்லையே!
- வாசகர், தக்கலை

பதில்: காசு வாங்காவிட்டாலும் சிக்கல்தான். அப்பா வாங்கியது கேசட்டை, அதை ஊருக்கெல்லாம் பரப்பும் உரிமையை அல்ல. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியான ஆண்டு முடிந்த பிறகு 60 ஆண்டுகள் ஒலிப்பதிவுக்குப் பாதுகாப்பு உண்டு. உங்கள் கேசட்டுகளுக்கு 2048 முடிய வேண்டும். பழைய அம்மன் கதைதானே என்பீர்கள். சரி, கதை பழசு; பதிவு அப்படியில்லை. நாகர்கோவில் பக்கம் கொடைக்குக் கொடை (அம்மன் கோயில் திருவிழா) வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த எனக்கும் இதில் வருத்தம்தான். உறையில் இருக்கும் கம்பெனியிடம் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நாடாவில் பூஞ்சை ஏறுமுன், வீட்டில் கேட்க ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.