மழையில் பைக் டூர் போக போன் போதுமா, தனி ஜிபிஎஸ் வாங்க வேண்டுமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

எப்போதாவது ஒரு நாள் பயணம் என்றால் போனே போதும். நாள்கணக்கில், மழையிலும் ஓட்டுவீர்கள் என்றால் தனிக் கருவி நல்லது.

பெட்டியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருப்பதை நம்பாமல் ஐபி எண்ணைப் பாருங்கள், தூசியையும் நீரையும் கருவி எவ்வளவு தாங்கும் என்று சோதித்துத் தரும் குறியீடு அது. ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும், ஐபிஎக்ஸ்6 என்பது பலமாகப் பீய்ச்சும் நீருக்கான சோதனை. இரண்டும் தனித்தனி, 7 இருப்பதாலேயே 6-இலும் தேறியது என்று அர்த்தமில்லை. வேகமாக ஓட்டும்போது அறைகிற மழை பீய்ச்சலுக்குத்தான் நெருக்கம் என்பதால் இரண்டு எண்ணும் இருந்தால் நிம்மதி.

பலர் கோட்டை விடுவது சார்ஜிங்கில். ரப்பர் மூடியைத் திறந்து கேபிளைச் செருகிவிட்டால் பல கருவிகளில் அந்தத் தரமெல்லாம் போச்சு! அதனால் கார்மின் நிறுவனத்தின் ஜூமோ என்ற பைக் ஜிபிஎஸ் போல, பைக்கின் பேட்டரியிலிருந்து மவுன்ட் வழியாகவே மின்சாரம் எடுக்கும் மாடலாகப் பாருங்கள். விலை கூடுதல்தான், ஆனால் நீங்கள் காசு கொடுப்பதே இதற்குத்தான் என்பேன்.

திரை கையுறையோடு வேலை செய்கிறதா என்று கடையிலேயே கையுறை போட்டுத் தொட்டுப் பாருங்கள், சில திரைகள் மழைத்துளியையே விரல் என்று நினைத்து மேப்பை இழுத்துக்கொண்டு போகும். வெயிலில் படிக்குமளவு வெளிச்சம், ஆஃப்லைன் மேப், ஜிபிஎக்ஸ் கோப்பு (போகும் பாதையைச் சேமித்து வைக்கும் கோப்பு) ஏற்றும் வசதி, இவையும் வேண்டும்.

சரி, போன்தான் என்று முடிவெடுத்தால் அதிர்வைக் குறைக்கும் மவுன்ட் கட்டாயம். சக்திவாய்ந்த பைக் இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்திருக்கிறது.