ஜாரா, ஜூடியோ மாதிரி கடைகள் ஓயாமல் புதுத் துணி இறக்கியும் லாபம் பார்ப்பது எப்படி?

கேள்வியைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அப்பாவின் கடைதான். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ரெடிமேட் கடை. தீபாவளிச் சரக்குக்கு ஆடியிலேயே மொத்தமாக ஆர்டர் சொல்லிவிடுவார். ஒரு வருடம் மயில் பச்சைச் சட்டையை நம்பி எடுத்தார். பொங்கல் தாண்டியும் 38 சைஸும் 44 சைஸும் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. இப்படி மிஞ்சிப்போகும் சைஸ்களைக் கட் சைஸ் என்போம். மறு ஆடியில் அடக்க விலைக்கும் கீழே தள்ளினோம். விற்ற சட்டை தந்த லாபத்தை விற்காத சட்டை தின்றுவிட்டது.

ஜாரா அடித்தது இந்த இடத்தைத்தான். 1975-ல் ஸ்பெயினின் லா கொருன்யாவில் ஒரே கடையாகத் தொடங்கியது. எது ஓடும் என்று மாதக்கணக்கில் முன்கூட்டி ஊகிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். கொஞ்சமாகத் தைத்துக் கடைக்கு அனுப்புவார்கள், ஓடினால் இன்னும் தைப்பார்கள். வாரம் இரண்டு முறை புதுச் சரக்கு இறங்கும். ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ, துருக்கி என்று பக்கத்திலேயே நிறையத் தைக்கிறார்கள். ஆசியாவைவிடக் கூலி கூடுதல்தான். ஆனால் தேங்கும் சரக்கில் போகும் பணத்தோடு பார்த்தால் அது கட்டுப்படியாகிறது. சில துணிகளுக்குச் சாயம்கூடக் கடைசி நேரத்தில்தான்.

வேளச்சேரி பீனிக்ஸ் மாலில் இருக்கும் ஜாராவுக்கு அப்பாவை ஒருமுறை கூட்டிப்போனேன். அவர் விலைச்சீட்டைப் பார்க்கவே இல்லை. ஹேங்கரைத் தள்ளித் தள்ளி, ஒரு சைஸுக்கு எத்தனை பீஸ் என்று எண்ணினார். இரண்டு, மூன்றுதான். "தீர்ந்தா மறுபடி வருமா தம்பி?" என்று கேட்டார். "சொல்ல முடியாது சார், வேற டிசைன் வந்துடும்" என்றான் பையன். அதனால்தான் பிடித்ததை வாடிக்கையாளர் அன்றைக்கே எடுத்துவிடுகிறார்.

ஜூடியோவின் வழி வேறு. டாடாவின் டிரென்ட் நிறுவனம் இதை 2016-ல் தொடங்கியது. ஜாராவை 2010-ல் இந்தியாவுக்குக் கூட்டி வந்த பங்காளியும் இதே டிரென்ட்தான். ஜூடியோவில் சொந்த பிராண்ட் மட்டும்தான், பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் விலை, ஆன்லைன் விற்பனை கிடையாது. டெலிவரிச் செலவு, திரும்பி வரும் பார்சல் என்ற தலைவலியே இல்லை.

சின்னக் கடைக்காரரும் இதில் பாதியைச் செய்யலாம். அப்பா அதற்கப்புறம் ஆடியில் பாதிச் சரக்குதான் எடுத்தார். ஆயுத பூஜை வாரத்து விற்பனையைப் பார்த்துவிட்டு மீதிக்குத் திருப்பூருக்குப் போன் போடுவார். தைத்து ரெடியாக இருந்தால் ராத்திரி லாரியில் ஏற்றி மறுநாள் கடைக்கு வந்துவிடும்.